எப்படி எண்ணினாலும் ஒன்று மிஞ்சியது

கல் எண்ணியபோது இருந்தவர்கள் நாலு பேர். வீட்டுக் கணக்குப்பிள்ளை. வண்டிக்காரர் அடைக்கலம். சாந்து அரைக்கும் அழகம்மாள் அக்கா. நான். மேஸ்திரி இல்லை. சுண்ணாம்பு பார்க்கத் திருமயம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

தளம் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போனேன். சாந்து எப்படிக் கலப்பது, ரசமட்டம் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். எழுத ஒன்றுமில்லை. நான் எழுதப்போவது ஒரே ஓர் எண்ணைப் பற்றி.

யுத்த காலம். திருமயத்துக்குத் தெற்கே ஒரு பெரிய வீட்டில் பந்திக்கூடம் புதிதாகக் கட்டினார்கள். வீட்டுக்காரர் கடல் கடந்து போயிருந்தார். வீட்டில் அவர் மனைவி ஆச்சி சொல்தான். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். தரைக்குப் போட வேண்டியது ஜப்பான் கல். அரையடிக்கு அரையடி, வெள்ளையில் நீலப் பூ. யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்து அறையில் கிடந்தது. அதன்பிறகு அந்தக் கல் வர வழியே இல்லை. ஒன்று உடைந்தால் உடைந்ததுதான்.

ஆச்சி போட்ட நிபந்தனை ஒன்று. கூடத்தில் வெட்டுக்கல் இருக்கக் கூடாது.

“எம்மக மூளிக் கல்ல மிதிச்சு மணையில ஏறக் கூடாது” என்றார்.

தளம் போடுகிறவன் யாருக்கும் இது எளிதல்ல என்று உங்களுக்குத் தெரியும். சுவரோரம் வந்தால் கல்லை வெட்டாமல் தீராது. மேஸ்திரி யோசிக்கவில்லை.

“வெட்ட மாட்டேன் ஆச்சி. வெட்டுனா அன்னைக்கே என் கரண்டிய உங்க கெணத்துல போட்டுட்டுப் போறேன்.”

சொன்னால் செய்கிற ஆள். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேஸ்திரி, அவ்வளவுதான்.

அவர் தனியாக அறைக்குள் போய் இரண்டு நாள் கல்லைப் பார்த்தார். விரிசல் விட்டதை எல்லாம் கழித்தார். நல்ல கல் எத்தனை என்று பார்த்துக்கொண்டு, அதற்குத் தகுந்த நீள அகலத்தில் கூடத்துக்குச் சுவர் எழுப்பச் சொன்னார். நாம் சுவருக்குத் தகுந்தபடி கல்லை வெட்டுவோம். அவர் கல்லுக்குத் தகுந்தபடி சுவரை வைத்தார். மிஞ்சிய பத்துப் பன்னிரண்டு கல்லைச் சாமி அறைத் தரையில் அப்போதே பதித்தாயிற்று. கூடத்துக்கு உள்ளது கூடத்துக்கு. உபரி கிடையாது.

அந்தத் தொகை என்னவென்று எங்கள் யாரிடமும் அவர் சொல்லவில்லை. அது அவர் வழக்கம். தொகை தெரிந்தவன் எண்ண மாட்டான், ஒப்பிப்பான் என்பார். அது நியாயம்தான். ஐயாயிரம் என்று சொல்லிவிட்டால் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்திலேயே நமக்கு ஐயாயிரம் வந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எண்ணி முடித்த பிறகும் தொகையைக் கேட்க மாட்டார். மிச்சத்தைத்தான் கேட்பார். இரண்டு இரண்டாக எண்ணினால் எத்தனை மிஞ்சுகிறது, மூன்று மூன்றாக எண்ணினால் எத்தனை, ஐந்து ஐந்தாக எண்ணினால் எத்தனை. ஆளுக்கு ஒரு விதமாக எண்ணச் சொல்வார். மிச்சங்களைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார், அல்லது மறுபடி எண்ணச் சொல்வார். காகிதத்தில் பெரிய கணக்குப் போட அவருக்கு வராது. எனக்கும் வராது. மிச்சம் சின்ன எண். விரலில் நிற்கும்.

அறையிலிருந்து கூடத்துக்குக் கல்லை மாற்றும்போது ஒவ்வொருவரும் மொத்தக் கல்லையும் தன் விதத்தில் எண்ணினோம். அடைக்கலம் கைக்கு ஒன்றாக இரண்டு இரண்டு. அழகம்மாள் சாந்துச் சட்டியில் ஆறு ஆறு. நான் எட்டு எட்டாக அடுக்கு. கணக்குப்பிள்ளை பத்துக்கு ஒரு கோடு.

முதலில் முடித்தவர் அடைக்கலம். “இங்கிட்டு ஒண்ணு மிஞ்சுது” என்றார்.

“எண்ணும்போது வெத்தலை போட்டா அப்படித்தான்” என்றாள் அழகம்மாள்.

அவள் முடித்தாள். ஒன்று மிஞ்சியது. அவள் வெற்றிலை போடுகிறவள் அல்ல. அடைக்கலம் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது.

எனக்கும் ஒன்று மிஞ்சியது. கணக்குப்பிள்ளைக்கு ஐந்நூற்று நாலு கோடு, மேலே ஒன்று.

கணக்குப்பிள்ளைக்கு மனசு ஆறவில்லை. மூன்று மூன்றாக எண்ணச் சொன்னார். ஒன்று. நாலு நாலாக. ஒன்று. ஐந்து, ஏழு, ஒன்பது. ஒன்று, ஒன்று, ஒன்று. எப்படிப் பிரித்தாலும் அந்த ஒரு கல் தனியாக நின்றது. எந்தப் பந்தியிலும் உட்கார இடம் கிடைக்காத விருந்தாளி மாதிரி. அழகம்மாள், இடுப்பு விட்டுப்போச்சு, இனி நூறு நூறாக எண்ணுவதானால் வேறு ஆள் பாருங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள்.

கணக்குப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“தொகை ஐயாயிரத்து நாப்பது. எதுல வகுத்தாலும் மிச்சமில்லாம நெரவி வருது பாத்தீங்களா? அதுதான் வாங்குன தொகை. மேல உள்ள ஒண்ணு கொசுறு.”

எங்களுக்கு அது சரியென்று பட்டது. சிரிக்காதீர்கள். நீங்கள் கத்தரிக்காய் வாங்கினால் கொத்துமல்லி கொசுறாகக் கேட்கிறீர்கள். வெற்றிலை வாங்கினால் மேலே இரண்டு எடுத்துக்கொள்கிறீர்கள். நம் ஊரில் எண்ணிக் கொடுத்த எதற்கும் மேலே ஒன்று உண்டு. ஜப்பான்காரனுக்கு மட்டும் அந்த மரியாதை தெரியாதா? ஐயாயிரத்து நாற்பது கல் வாங்கினவனுக்கு ஒரு கல் போட்டுக் கொடுத்திருக்கிறான். நல்ல வியாபாரி என்று அடைக்கலம் பாராட்டினார்.

மேஸ்திரி அந்தக் கல்லைச் சலித்துப் பொறுக்கினவர் என்பது நாலு பேருக்கும் தெரியும். பொறுக்கியதில் கொசுறு எங்கிருந்து வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்றரை நாள் எண்ணிய களைப்பு.

கொசுறு எண்ணினவர்களுக்குச் சேரும் என்றார் கணக்குப்பிள்ளை. நாலு பேர், ஒரு கல். வெட்டினால் மூளி. அழகம்மாள்தான் முடித்து வைத்தாள்.

“புது மாப்பிள்ளை எடுத்துக்கிட்டுப் போகட்டும். அது வீட்டுக்குன்னு ஒண்ணும் வாங்கிக் குடுத்த மாதிரி தெரியல.”

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அவள் சொன்னது உண்மை. கல்லைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். நான் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டினார்.

“தொகையச் சொல்லாத. மிச்சத்தச் சொல்லு.”

“எப்படி எண்ணுனாலும் ஒண்ணு.”

“எல்லாத்துக்குமா?”

“ரெண்டுலேருந்து பத்து வரைக்கும்.”

அவர் முகம் மலர்ந்தது. அது அடிக்கடி நடப்பதில்லை. “அப்ப கல்லு பத்திரமா இருக்கு” என்று சொல்லிவிட்டு நூலைக் கட்டப் போனார். எனக்கும் சந்தோஷம். கல் பத்திரமாகத்தான் இருந்தது. என் மூட்டையில்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். அறந்தாங்கிக்கு இந்தப் பக்கம் இரண்டு மைல். என் மனைவி பெயர் செல்லாயி. கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“நம்ம வீடு பூராப் போட இன்னும் எத்தனை வேணும்?”

சொல்லத் தெரியவில்லை. நிறைய வேண்டும் என்றேன்.

“மாசம் ஒண்ணாக் கொண்டாந்தா, போட்டு முடிக்கயில எனக்குப் பல்லு இருக்காது” என்றாள். ஆனால் கல்லைக் கீழே வைக்கவில்லை.

தளம் போட்ட கதையை விட்டுவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வாசல் பக்கம் தொடங்கி உள்ளே உள்ளே போனோம். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கையில் கடைசி வரிசை. சமையற்கட்டுக் கதவுப் பக்கம் கடைசி மூலை. மேஸ்திரி சாந்தை விரித்து, திரும்பாமல் கையை நீட்டினார். கல்லைக் கொடுக்க வேண்டியவன் நான்.

என் கையில் கல் இல்லை. அடுக்கிலும் இல்லை. தரையில் அரையடிக்கு அரையடி ஒரு குழி.

அவர் கை அப்படியே நீட்டி இருந்தது.

தம்பிகளே, அந்த நேரத்தில் எனக்கு என்னென்ன தோன்றியது என்று சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் தோன்றும். உடைந்துவிட்டது என்று சொல்லலாம். வந்ததே குறைவு என்று சொல்லலாம். கணக்குப்பிள்ளை நோட்டில் ஐயாயிரத்து நாற்பது என்றுதான் எழுதியிருக்கிறது, போட்டதும் ஐயாயிரத்து நாற்பது. நோட்டு எனக்குச் சாட்சி. ஒருத்தராலும் என்னைக் கேட்க முடியாது. கரண்டி மட்டும் கிணற்றுக்குப் போகும். அது என் கரண்டியும் அல்ல.

வெற்றிலைச் சாறு துப்புகிற நேரம்தான் யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். எண்ணியது, மிஞ்சியது, கொசுறு, செல்லாயி, எல்லாம்.

மேஸ்திரி கத்தவில்லை. சாந்து பட்ட கையைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்து ஒரு நூலை எடுத்தார். நூல் முழுக்க முடிச்சு. அரையடிக்கு ஒரு முடிச்சு. எண்ணச் சொன்னார். எழுபத்தொன்று.

“நீளம் எழுபத்தொண்ணு. அகலம் எழுபத்தொண்ணு. ஐயாயிரத்து நாப்பத்தொண்ணு. ரெண்டுலேருந்து பத்து வரைக்கும் எல்லாரையும் கேட்டீங்க. எழுபத்தொண்ணக் கேட்டீங்களா?”

யாரும் கேட்கவில்லை. எழுபத்தொன்று எழுபத்தொன்றாக எந்த மனுஷன் எண்ணுவான்?

அப்போது எனக்கு விளங்கியது. எப்படி எண்ணினாலும் ஒன்று மிஞ்சுகிறது என்பது அவருக்குச் சரி என்று அர்த்தம். அந்த எண்ணின் அடையாளமே அதுதான். எங்களுக்கு அதுவே உபரி என்று அர்த்தம். ஒரே மிச்சத்தைச் சொன்னேன். அவர் ஒன்று புரிந்துகொண்டார், நான் வேறொன்றைச் செய்திருந்தேன்.

பின்னாளில் வேலை இல்லாத மழைக்காலத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு எண்களையும் கிண்டிப் பார்த்தேன். புளியங்கொட்டை வைத்துத்தான். ஐயாயிரத்து நாற்பது ஊருக்கெல்லாம் சொந்தக்காரன். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று பத்து வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் உறவு. பன்னிரண்டு, பதினைந்து, இருபத்துநாலு, அறுபது எல்லாம் சம்பந்தி. மிச்சமில்லாமல் வகுக்கிற எண்களை எழுதிப் பார்த்தேன். அறுபது வந்தது. அதற்கு அடுத்த வீட்டுக்காரன் ஐயாயிரத்து நாற்பத்தொன்று. அவனுக்கு ஒன்றையும் அவனையும் விட்டால் எழுபத்தொன்று ஒன்றுதான் துணை. மூன்றே பேர். நடுவில் ஒரு கல் வித்தியாசம்.

பதினொன்று பதினொன்றாக யாராவது எண்ணியிருந்தால் மூன்று மிஞ்சியிருக்கும். அப்போதாவது விழித்திருப்போம். ஆனால் அழகம்மாளிடம் அதை யார் போய்ச் சொல்வது?

கணக்குப்பிள்ளை வந்து குழியைப் பார்த்தார். தன் நோட்டைப் பார்த்தார். நோட்டில் தப்பில்லை என்றார். பிறகு, சாம்பார் அண்டாவை அந்த மூலையில் வைத்துவிட்டால் தெரியாது என்று யோசனை சொன்னார்.

“அண்டாவ எடுத்தா?” என்றார் மேஸ்திரி.

கழித்துப் போட்ட கல்லில் ஒன்றை வைக்கலாம் என்றார் அடைக்கலம். அதில் விரிசல் இருந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

“கெணறு எவ்வளவு ஆழம்னு பாத்துட்டு வர்றியா, ஊருக்குப் போயிட்டு வர்றியா?”

ஊருக்குப் போனேன்.

அப்போதெல்லாம் கரி பஸ். பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பீப்பாய் இருக்கும். கரி எரிந்தால் ஓடும். மேடு வந்தால் நாம் இறங்கித் தள்ள வேண்டும். அன்று மூன்று இடத்தில் தள்ளினேன். குறைந்த அவசரம் உள்ளவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள்.

செல்லாயி அந்தக் கல்லைப் பெட்டியில் வைத்திருப்பாள் என்று நினைத்துப் போனேன். அவள் அதை வாசல் பக்கச் சுவரில் பதித்திருந்தாள். மண்சுவர். சுண்ணாம்போடு கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டுக் குழைத்துப் பதித்திருக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். நான் தூக்கத்தில் வேலையைப் பற்றித்தான் பேசுகிறேனாம்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் உலையில் அரிசியைப் போட்டாள். கிளறினாள். அதன்பிறகுதான் பேசினாள்.

“வீட்டுக்குன்னு நீங்க கொண்டாந்தது இது ஒண்ணு. பாக்க வந்தவுகளுக்கெல்லாம் காட்டியிருக்கேன். இப்ப சுவத்துல ஓட்டையக் காட்டணும்.”

கல்லின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றேன்.

“தரலைன்னா?”

“மேஸ்திரி கரண்டியக் கெணத்துல போடுவார்.”

“நீங்க?”

“நானும் வேற வேலை பாக்கணும்.”

கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளுடையது சோற்றுக் கரண்டி.

“எடுத்துக்கங்க. ஆனா குடுக்கலை. இரவல்.”

சரி என்றேன்.

“ஒடையாம எடுக்கத் தெரியுமா? நீங்க போட்ட கல்லுன்னா கையாலயே பேத்துரலாம். இது நான் போட்டது.”

உண்மைதான். உளியை ஓரத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். சத்தமே சொன்னது. இன்னொரு தட்டுத் தட்டினால் மூலை போகும். பதித்த கல்லை முழுசாக எடுப்பது நம் தொழிலில் எல்லாவற்றிலும் கஷ்டம். போடத் தெரிந்தவன் பத்துப் பேர் இருந்தால் எடுக்கத் தெரிந்தவன் ஒருத்தன். அந்த ஒருத்தன் நான் இல்லை. உளியைக் கீழே வைத்தேன். அந்த வருஷம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

கல்லை எடுக்க முடியாது. சுவரை எடுக்கலாம். சுற்றி ஒரு சாண் விட்டு மண்ணைக் கடப்பாரையால் மெதுவாகக் குடைந்தேன். கல்லும் சாந்தும் மண்கட்டியுமாக ஒரு குழந்தை கனம் கையில் வந்தது. சுவரில் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. ஆச்சி வீட்டுத் தரையில் ஓட்டை இருக்கக் கூடாது என்று என் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டேன்.

செல்லாயி ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தாள். “காத்து நல்லா வருது” என்றாள்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். என்ன அது என்று கண்டக்டர் கேட்டார். வீடு என்றேன். அதற்குத் தனி டிக்கெட் கேட்காமல் விட்டார். திரும்பும்போது பஸ்ஸைத் தள்ள நான் இறங்கவில்லை. எல்லாரும் என்னைத் திட்டினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

கட்டியைத் தொட்டித் தண்ணீரில் போட்டோம். மண் கரைந்தது. செல்லாயியின் சாந்து கரையவில்லை. அதை மேஸ்திரியே இரண்டு பொழுது உட்கார்ந்து அரத்தால் தேய்த்து எடுத்தார். பாதியில் நிமிர்ந்து, சாந்து குழைத்தது யார் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வேலைக்கு அவளை அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருக்கலாம் என்றார்.

கல் முழுசாக இருந்தது. குழியில் இறங்கியது. அன்று சாயங்காலம் ஆச்சி வெறுங்காலோடு கூடத்தைச் சுற்றி வந்தார். நாலு மூலையிலும் நின்று பார்த்தார். சமையற்கட்டு மூலையில் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

“எத்தனை கல்லு?”

மேஸ்திரி என்னைக் கைகாட்டினார். கடைசிக் கல் பதிந்த பிறகுதான் தொகையை வாய் விட்டுச் சொல்வது. அதை என்னைச் சொல்ல விட்டார்.

“ஐயாயிரத்து நாப்பத்தொண்ணு, ஆச்சி.”

“வெட்டுனது?”

“இல்ல.”

ஆச்சி தலையசைத்துவிட்டுப் போனார். மேஸ்திரி கரண்டியைக் கழுவினார். கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஒன்று சொன்னார்.

“மிச்சம் எத்தனைன்னு கேட்டேன். மிச்சத்த என்ன செஞ்சீங்கன்னு கேக்கலை. அது என் தப்பு.”

அவர் தன் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவை. நீங்கள் எண்ணும்போது மிச்சம் வந்தால், அது யாருடையது என்று கேட்டுவிட்டு அப்புறம் கையை வையுங்கள். எல்லாரும் ஒரே மிச்சம் சொல்கிறார்கள் என்பதற்காக அது உபரி ஆகிவிடாது. இன்றைக்கு உங்களிடம் கால்குலேட்டர் இருக்கிறது. எத்தனை என்று அது சொல்லும். யாருடையது என்று சொல்லாது.

கல்யாணத்துக்கு ஆச்சி எங்களையும் கூப்பிட்டார். செல்லாயி வந்தாள். பந்தியில் எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. சமையற்கட்டு மூலைக்குப் போய் அந்தக் கல் மேல் இலை போடச் சொன்னாள். பரிமாறுகிறவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள்.

எங்கள் சுவர் ஓட்டையை நான் அடைக்கிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள். ஓரத்தைப் பூசி அதில் விளக்கு வைத்தாள். உள்ளேயும் வெளிச்சம், தெருவுக்கும் வெளிச்சம். இரவலைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, கொடுத்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

அந்தக் கூடம் இன்னும் இருக்கிறது. தரையில் மொத்தம் எத்தனை கல் என்று கேட்டால் மேஸ்திரியின் எண்ணைச் சொல்வேன். ஆச்சி வீட்டுக் கல் எத்தனை என்று கேட்டால்தான் வேறு.

ஐயாயிரத்து நாற்பது.